கடல் கடந்து கற்பித்ததும் கற்றதும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டில் ஆங்கிலம் பயிற்றுவித்த நாட்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். "ஐயா, அங்கே அன்றாடம் பொழுது எப்படிப் போயிற்று? விடுமுறை நாட்களில் என்ன செய்தீர்கள்?" என்று நம் இளைஞர் இருவர் கேட்ட வினாவே இவ்வுரைக்கு வித்தாயிற்று. எம்மைப் பற்றிக் கூறுமிடத்தும் 'நான்' என்னாது 'நாம்' என்றே கூறுவோம். பெருமை கருதி அவ்வாறு கூறவில்லை. எமக்கு நேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை நம் தெருவில் பிறந்த எவர்க்கும் நேர்ந்திருக்கக் கூடியவை என்பதே காரணம்.

புறப்பாடு

நாம் பிறந்தது சிவகாசிக்கு மேற்கே கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றில். ஆண்டு 1970. வானம் பொய்த்தால் வயிறும் பொய்க்கும் பூமி அது. 1922இல் இந்நகரத்தார் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பின்னர், இவ்வட்டாரத்தில் அடுப்புகள் எரியத் தொடங்கின. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தத் தீக்குச்சிகளை அடுக்கிய விரல்களுள் எத்தனை எழுதுகோல் பிடிக்க வேண்டிய விரல்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. பொழுது புலரும் முன்னரே ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற வண்டிகளை இங்குள்ள மூத்தோர் கண்டிருப்பீர்கள். எம் வகுப்புத் தோழர் பலர் அவ்வண்டியில் ஏறினர். நாம் ஏறவில்லை. எம் அன்னையார் ஏற விடவில்லை.

அன்னையார் பட்டாசு ஆலையில் கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை செய்தார். ஊர் வழக்கில் அது 'பயர் ஆபீஸ்'. மாலையில் வீடு திரும்பும்போது அலுமினியப் பொடி படிந்த அவருடைய கைகள் வெள்ளிபோல் மின்னும். அக்கைகளால் எமக்குச் சோறு பிசைந்து தரமாட்டார். பள்ளியில் மதிய உணவு கிடைத்தது. காமராசர் 1956இல் ஏற்றிய அந்த அடுப்பே எம்மைப் பள்ளியில் நிறுத்தியது என்றால் மிகையாகாது. அவ்வாறு பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்தோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத் தனியார் பள்ளியொன்றில் சொற்ப ஊதியத்திற்குப் பணிபுரிந்தோம். அதற்குள் தந்தையார் நோயுற்று மறைந்தார். அவருடைய மருத்துவத்திற்காக ஆலையில் வாங்கிய முன்பணம் வட்டியின்றியே வளர்ந்தது. அதனை அடைப்பதற்காக எம் தங்கை பதினோராம் வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கச் சென்றாள். குழந்தைத் தொழிலாளர் தடுப்பும் முறைப்படுத்தலும் பற்றிய சட்டம் 1986இலேயே பிறந்துவிட்டது. எம் தெருவுக்கு அது வந்து சேரவில்லை.

அக்காலத்தே நாளிதழில் ஒரு விளம்பரம் கண்டோம். மாலத்தீவுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர் தேவை.

இந்திய ஆசிரியர் கடல் கடந்து செல்வது புதிதன்று. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி தம் நாட்டுப் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்களைப் பெருமளவில் அழைத்தார். 1974இல் அவர் ஆட்சி வீழும் வரை அங்குள்ள சிற்றூர்களில்கூட நம்மவர் கரும்பலகையின் முன் நின்றனர். 1976இல் அனைவர்க்கும் தொடக்கக் கல்வி என்னும் திட்டத்தை மேற்கொண்ட நைஜீரியாவுக்கும் பலர் சென்றனர். மாலத்தீவில் 1960ஆம் ஆண்டையொட்டித் தலைநகர் மாலேயின் மஜீதிய்யா, அமீனிய்யா பள்ளிகள் ஆங்கில வழிக்கு மாறின. முதலில் இலங்கை ஆசிரியர்களும் பின்னர் இந்திய ஆசிரியர்களும் அங்குச் சென்றனர். நம்மவருள் பட்டம் பெற்றோரே அந்நாளில் அரியர் ஆதலின், அந்த வரிசையில் நம் தெருவினர் மிகச் சிலரே இருந்தனர். 1996 சனவரியில் அவ்வரிசையின் கடைசியில் நாமும் நின்றோம்.

கிணற்றடி

திருவனந்தபுரத்திலிருந்து வானூர்தியில் ஏறினால் உண்ட உணவு செரிக்கும் முன் மாலத்தீவு வந்துவிடும். வானூர்தி நிலையம் ஹுல்ஹுலே என்னும் தனித்தீவில் உள்ளது. இன்று பாலத்தின் வழியே தலைநகருக்குச் செல்லலாம். அப்பாலம் 2018இல்தான் திறக்கப்பெற்றது. நாம் சென்ற காலத்தில் படகே வழி. அந்நாட்டார் அதனை 'தோனி' என்கின்றனர். நம் தோணிதான். தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளுக்குப் போய்வந்த உறவு அச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதாக எமக்குத் தோன்றியது.

எமக்கு ஒதுக்கப்பெற்ற தீவு வடக்கே ஹா தாலு தீவுக்கூட்டத்தில் இருந்தது. மாலேயிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் படகில் சென்றோம். அந்நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை 200 அளவிலேயே. எம் தீவை அரைமணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். மலையில்லை, ஆறில்லை, மண்கூட இல்லை. காலடியில் இருப்பது வெண்பவளப் பொடி. மேடென்று சொல்லத்தக்க இடமே அந்நாட்டில் இல்லை. நாடு முழுவதும் கடல் மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரம் எழும்பி நிற்கிறது, அவ்வளவே.

உள்ளூர ஓர் அச்சமும் இருந்தது. 1988 நவம்பர் 3ஆம் நாள் இலங்கைத் தமிழ் ஆயுதக்குழுவினர் சிலர் கூலிப்படையாக வந்து அந்நாட்டு ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதும், இந்தியப் படை சென்று அதனை முறியடித்ததும் அறிவீர்கள். தமிழ் பேசுவோர் என்றால் நம்மை ஐயுறுவரோ என்று அஞ்சினோம். ஒருவரும் ஐயுறவில்லை. "இந்தியாவிலிருந்து வந்த ஸார்" என்பதோடு எம் வரலாறு முடிந்தது. அதற்குமேல் எவரும் கேட்கவில்லை.

முதல் நாள் காலையில் நடந்ததைக் கூறவேண்டும். நாம் தங்கிய வீட்டின் முற்றத்தில் கிணறு இருந்தது. அங்கே நீர் சில அடி ஆழத்திலேயே கிடைக்கும். கயிறு, உருளை எதுவும் வேண்டா. நீண்ட கழியின் முனையில் தகரக் குவளை பொருத்தி மொண்டுகொள்வர். அதற்கு 'தானி' என்று பெயர். குளிப்பதற்காகத் துண்டுடன் சென்ற நாம் கிணற்றிலிருந்து நான்கடி தள்ளி நின்றோம். ஏன் நின்றோம் என்று எமக்கே தெரியவில்லை. வீட்டு மூதாட்டி திண்ணையிலிருந்து சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அந்தக் கழியை எம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எமக்கு முறை தெரியவில்லை என்று அவர் எண்ணியிருப்பார்.

எமக்குத் தெரிந்திருந்த முறை வேறு. எம் சிறுவயதில் அன்னையார் குடத்துடன் ஊர்க்கிணற்றின் அருகே தள்ளி நிற்பார். யாரேனும் மனமிரங்கி இறைத்து ஊற்ற வேண்டும். அக்குடம் நிறையும் வரை அவருடைய சேலையைப் பற்றிக்கொண்டு நின்ற சிறுவன், பட்டம் பெற்று, கடல் கடந்து வந்த பின்னும் நான்கடி தள்ளியே நிற்கிறான்! இளைஞர்களே, கால்கள் எவ்வளவு நாள் நினைவு வைத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அன்று வேண்டுமளவு மொண்டு மொண்டு குளித்தோம்.

பள்ளிக்கூடம்

அன்றாட வாழ்வு எளியது. விடியலில் பெண்கள் ஈர்க்குமாற்றால் தெருவெங்கும் பெருக்குவர். அவ்வோசையே எம் கண்விழிப்பு மணி. காலையில் சூரை மீனைத் துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சையுடன் பிசைந்த 'மஸ் ஹுனி'யும், 'ரோஷி' என்னும் மெல்லிய ரொட்டியும் உண்போம். நண்பகலில் சோறும் 'கருதியா' என்னும் தெளிந்த மீன் சாறும். காய்கறி அரிது. கத்தரிக்காய் ஒன்று கண்ணிற்பட்டால் தாயகத்தைக் கண்டது போலிருக்கும். குடிப்பதற்குத் தொட்டியில் சேர்த்த மழைநீர். மாலையில் கடற்கரையில் 'ஜோலி' என்னும் கயிற்றுவலை இருக்கைகளில் தீவுத் தலைவரும் மீனவரும் ஆசிரியரும் வரிசையாக அமர்ந்து பேசுவர். எவர் வந்தாலும் எழுந்து நிற்கும் வழக்கம் அங்கே இல்லை.

சிறு பிள்ளைகளின் 'திவேஹி' மொழி வலமிருந்து இடமாக எழுதப்படும். 'தானா' என்னும் அவ்வெழுத்தின் முதல் ஒன்பது வடிவங்கள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. காலையில் முதற்பாடத்தில் வலமிருந்து எழுதிய கை, அடுத்த பாடத்தில் எமக்காக இடமிருந்து எழுதும். அம்மொழியிலும் நம் தமிழில் போன்றே வினைச்சொல் இறுதியில் நிற்கும். ஆதலின் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கெங்கு இடறுவரோ அங்கெல்லாம் அவர்களும் இடறினர். 'நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏறாது' என்று எம் ஊரில் சிலர் கூறிய தீர்ப்பு எவ்வளவு பொய் என்று அங்குத்தான் அறிந்தோம். இடறுவது சாதியால் அன்று, தாய்மொழி இலக்கணத்தால்.

அவ்வகுப்பிலும் வாய் திறவாத பிள்ளைகள் இருந்தனர். ஏழாம் வகுப்பில் மீனவர் மகன் ஒருவன். பன்னிரண்டு வயது. பெயர் கேட்டால்கூடத் தலைகுனிவான். ஒரு நாள் பெற்றோர் தொழில் பற்றிய பாடம் நடத்தினோம். "ஸார், உங்கள் தாயார் என்ன செய்கிறார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். மத்தாப்புச் செய்கிறார் என்றோம். மத்தாப்பு இன்னதென்று படம் வரைந்து விளக்கினோம். வகுப்பே வியந்தது. "அப்படியானால் அவர் நாள்தோறும் மகிழ்ச்சியாக இருப்பார், இல்லையா ஸார்?" என்றாள் அச்சிறுமி. ஆங்கிலத்தில் எமக்குத் தெரிந்த சொற்கள் அனைத்தும் அக்கணத்தில் எம்மைக் கைவிட்டன.

அருகிலிருந்த குல்ஹுதுஃபுஷித் தீவில் பெண்கள் தென்னை மட்டையைச் சேற்றில் ஊறவைத்துத் தட்டி, நார் எடுத்துக் கயிறு திரிப்பர். அக்கைகளைக் கண்ட போதெல்லாம் எம் அன்னையார் கைகளே நினைவுக்கு வந்தன. உழைக்கும் கைகள் எந்நாட்டிலும் ஒன்றுபோலவே காய்த்திருக்கின்றன.

அங்கே 'பொடு பெரு' என்னும் பெருமுரசு உண்டு. விழா நாட்களில் ஊரின் மதிப்புமிக்க ஆடவர் வரிசையாய் அமர்ந்து முழக்குவர். கொட்டத் தெரிந்தவன் என்பது அங்கே ஒரு சிறப்பு. எம் பாட்டனார் பறை முழக்கியவர். ஊரில் அது எமக்கு இழிவின் அடையாளமாக்கப்பட்டிருந்தது. அன்றிரவு எம்மையும் முழக்கச் சொன்னார்கள். முழக்கினோம். "எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டனர். "பாட்டனாரிடம்" என்று வாய் நிறையக் கூறினோம்.

அனைத்தும் இனிமையே என்று கூறினால் அது பொய்யாகும். பக்கத்துத் தீவில் நம் நாட்டு ஆசிரியர் சிலர் கூட்டாகச் சமைத்து உண்டனர். விடுமுறையில் எம்மையும் அழைத்தனர். அவர்களுள் ஒருவர் எம் ஊரைக் கேட்டார். பிறகு எந்தத் தெரு என்றார். பிறகு குலதெய்வம் எதுவென்றார். அடுத்த முறை சென்றபோது எமக்கென்று ஒரு தட்டு தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்பின் அங்குச் செல்லவில்லை. அத்தீவுகளில் எமக்கிருந்த வருத்தம் அந்த ஒன்றே. அதுவும் அந்நாட்டுச் சரக்கன்று. நம் நாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சரக்கு.

வெள்ளிக்கிழமை

அந்நாட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகலில் ஆடவர் அனைவரும் பள்ளிவாசலுக்குச் செல்வர். தெருவில் எம் காலடியோசை மட்டும் கேட்கும். சனிக்கிழமைகளில் இளைஞரும் மாணவரும் தோனியில் ஏறி ஆளில்லாத் தீவு ஒன்றுக்குச் செல்வர். மீன் சுடுவர், இளநீர் பருகுவர், அந்தி சாயத் திரும்புவர். 'ஹுல்ஹங்கு' என்னும் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். 'இருவை' என்னும் வடகிழக்குப் பருவத்தில் கண்ணாடி போல் கிடக்கும்.

முதற்பயணத்தில் தோனி பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிட்டது. கரை ஐம்பது பாக தூரம். அனைவரும் தொப்பென்று நீரில் குதித்தனர். எட்டு வயதுச் சிறுவனும் குதித்தான். நாம் மட்டும் தலைவலி என்று கூறி, உணவுப் பொருளுக்குக் காவலாகத் தோனியில் அமர்ந்துகொண்டோம். இரண்டாம் முறையும் தலைவலி. மூன்றாம் முறை, வகுப்பில் வாய் திறவாத அந்த மீனவர் மகன் நீரிலிருந்து தலை தூக்கி எம்மை நோக்கினான். "ஸார், நோ ஸ்விம்?" என்றான். அவ்வளவே அவனுடைய ஆங்கிலம். எள்ளல் ஏதுமில்லாத வினா அது. "இல்லை" என்று ஒப்புக்கொண்டோம்.

நம் ஊர்களில் நீச்சல் எங்கே பழகுவர்? கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் குழந்தைகளை இறக்கிவிடுவர். அந்தக் கிணறுகளில் நம் பிள்ளைகள் இறங்கலாகாது. இறங்கினால் தீட்டு, இறங்கியவன் முதுகில் தடியடி. கரையில் நின்று பிறர் நீந்துவதைப் பார்க்கும் உரிமை மட்டும் நமக்கு இருந்தது. நீச்சல் தெரியாமை எம்முடைய சோம்பல் அன்று. ஊர் எமக்கு எழுதி வைத்த விதி.

அடுத்த வெள்ளி மாலையிலிருந்து அச்சிறுவன் எமக்கு ஆசானானான். ஆழமில்லாக் கழியில் எம்மை மல்லாக்கப் படுக்கவைத்து முதுகின் கீழே தன் இரு கைகளையும் தாங்கலாக வைத்தான். எம் உடல் விறைத்தது. மூழ்கினோம், உப்பு நீரை விழுங்கினோம். கரையில் இருந்தோர் நகைக்கவில்லை. நகைத்த ஒரு பொடியனை அவன் ஒரு பார்வையால் அடக்கினான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். அவன் பேசிக்கொண்டிருந்தான். ஆங்கிலத்தில்! "ஸார், கிக்! ஸார், ப்ரீத்! டோன்ட் ஃபியர், ஸார், ஐ ஆம் ஹியர்!" வகுப்பில் ஓராண்டாகத் தன் பெயரையே முழுமையாய்ச் சொல்லாதவன், நீரில் நின்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தான். எங்கிருந்து வந்தது அந்த மொழி?

பல நாள் சிந்தித்தோம். வகுப்பில் ஆங்கிலம் எம் உடைமை. அவன் பிழை செய்பவன், நாம் திருத்துபவர். கடலிலோ அறிந்தவன் அவன், அறியாதவர் நாம். சொல்ல வேண்டிய பொருள் அவனிடம் இருந்தது. அதனைக் கேட்டாக வேண்டிய தேவை எமக்கு இருந்தது. ஆகவே சொல் தானாக வந்தது. பி.எட். வகுப்பில் நாம் படித்த முறைகள் பல. இதனை எவரும் எமக்குச் சொல்லித்தரவில்லை.

மறுவாரமே பாடமுறையை மாற்றினோம். தூண்டிலில் சூரை பிடிப்பது எப்படி, கயிறு திரிப்பது எப்படி, காற்றின் திசையை அறிவது எப்படி என்று பிள்ளைகள் எமக்கு ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும். நாம் மாணவர். பிழையான வாக்கியங்கள் வந்தன, ஆனால் வந்தன! வந்த பிறகல்லவா திருத்த முடியும்?

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. அதே தோனி, அதே பவளத்திட்டு. அனைவரும் குதித்தனர். அச்சிறுவன் நீரில் நின்று காத்திருந்தான். கண்ணை மூடிக் குதித்தோம். ஐம்பது பாக தூரம். பாதி வழியில் மூச்சு முட்டியது. மல்லாந்து மிதந்தோம். மேலே வானம் மட்டுமே தெரிந்தது. மீண்டும் கையை வீசினோம். கால் மணலில் பட்டபோது எம் கண்ணில் வழிந்தது கடல்நீர் மட்டும் அன்று.

தங்கையின் கடிதம்

இங்கேயே உரையை முடித்தால் கேட்போர்க்கு இனிமையாக இருக்கும். ஆயினும் உண்மை அவ்வளவில் முடியவில்லை.

எம் ஊதியத்தால் ஆலை முன்பணம் ஓராண்டிற்குள் அடைந்தது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தீர்ப்பளித்தது. குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும் என்றது. அவ்விடுமுறையில் ஊருக்கு வந்த நாம், தங்கையைத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்தோம். தன்னினும் இளைய பிள்ளைகளின் நடுவே அவள் கூச்சத்துடன் அமர்ந்தாள். மறுபடியும் கடல் கடந்தோம். எம் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. பணம் அனுப்பினோம். புத்தகம் வாங்கிக்கொள் என்று கடிதம் எழுதினோம்.

தங்கை தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். ஒருநாள் அவள் கடிதம் வந்தது. நான்கு பாடங்களில் தேர்ச்சி, ஆங்கிலத்தில் தோல்வி. வெற்றிக்கு 35 வேண்டும். அவள் பெற்றவை 28. "அண்ணா, உனக்கு அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. நான் பயர் ஆபீசுக்கே போகிறேன்" என்று எழுதியிருந்தாள்.

கடலோரம் அமர்ந்து அக்கடிதத்தைப் பலமுறை படித்தோம். கடல் கடந்து பிறர் பிள்ளைகளின் முதுகில் கை கொடுத்துக்கொண்டிருந்தோம். எம் உடன்பிறந்தாள் கரையிலேயே மூழ்கினாள். அத்தீவுப் பிள்ளைகள்மேல் பிழையில்லை. பணம் போதும் என்று எண்ணிய எம்மேல்தான் பிழை. ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பினோம். புறப்படும் நாளில் அம்மாணவன் துறைமுகம் வரை வந்தான். இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் வழியனுப்பினான்.

எம் தங்கை இன்று இம்மன்றத்தில் தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவு பெற்றே இதனைக் கூறினோம். இருபதாண்டுகளுக்கு மேல் அவர் பட்டாசு ஆலையில் உழைத்தார். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தி வந்தபோது, அவர் வீடு திரும்பும் வரை அன்னையாரும் நாமும் தெருமுனையில் நின்றோம். ஏழு மதிப்பெண்ணின் விலை எவ்வளவு என்று அன்று மாலை அறிந்தோம்.

நமக்குரிய பாடம்

இளைஞர்களே! 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் கிணறும் குளமும் நமக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவரும் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து திரும்பியவரே. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாட் நகரத்துச் சவதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். அவர் நியூயார்க்கிலும் இலண்டனிலும் உயர்கல்வி பெற்றவர். விரும்பியிருந்தால் அந்நாடுகளிலேயே நல்வாழ்வு வாழ்ந்திருக்கலாம். திரும்பி வந்து குளத்தில் இறங்கினார்.

ஆங்கிலமும் அவ்வாறான ஒரு நீர்நிலையே. அதன் கரையில் நம் பிள்ளைகள் இன்றும் நான்கடி தள்ளி நிற்கின்றனர். இன்று தடியுடன் தடுப்பார் இல்லை. தவறாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற அச்சம் ஒன்றே தடுக்கிறது. அந்த அச்சம் நாம் உண்டாக்கியதன்று. ஆனால் அதனைப் போக்குவது நம் கையில் இருக்கிறது.

எம் பள்ளியில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கத்தைப் பின்பற்றி வருகிறோம். பிள்ளைகள் எமக்கு ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும். தீப்பெட்டி ஒட்டுவது எவ்வாறு? சரவெடி பின்னுவது எவ்வாறு? எந்த வேளையில் மருந்தைத் தொடலாகாது? இவற்றை நம் பிள்ளைகளைப் போல் அறிந்தவர் எவர்? தாய் செய்யும் தொழிலைச் சொல்ல நாணிய பிள்ளை, அதனை ஆங்கிலத்தில் ஆசிரியருக்கு விளக்கும்போது நிமிர்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். அதன் பயன் மதிப்பெண்ணிலும் தெரிகிறது.

வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கும் சில சொற்கள். செல்லுங்கள், தயங்காதீர்கள். மாலத்தீவில் இன்றும் இந்திய ஆசிரியர்கள் பணிபுரிகின்றனர். ஆனால் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர் வழியே செல்லுங்கள். ஊதியம், தங்குமிடம், விடுமுறை, திரும்பிவரும் பயணச் செலவு ஆகியவை எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதீர்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டு வைக்காதீர்கள். கடவுச்சீட்டின் படியொன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். அந்நாட்டுச் சட்டத்தையும் சமய ஒழுக்கத்தையும் மதியுங்கள். மாலத்தீவில் பிற சமய வழிபாட்டைப் பொது இடத்தில் நடத்த இயலாது. அதனை அறிந்தே செல்லுங்கள். பணம் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று மட்டும் எம்மைப் போல் எண்ணிவிடாதீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையோடு வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசுங்கள். எம் காலத்தில் கடிதம் போய்ச் சேரவே வாரங்கள் ஆயின. இன்று உங்கள் சட்டைப்பையிலேயே தொலைபேசி இருக்கிறது.

இறுதியாக இச்சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை மாலைகளில் இம்மன்றத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒன்று தொடங்குவோம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறியவர்கள், வயது எதுவாயினும், முதல் வரிசையில் அமரட்டும். கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்கட்டும். பிழைக்குச் சிரிக்கலாகாது என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும். கற்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம், ஊதியம் வேண்டா. அவ்வகுப்பின் பதிவேட்டில் முதற்பெயர் எழுதப்பட்டாயிற்று. அது எம் தங்கையின் பெயர். தம் மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே தாமும் அந்த ஏழு மதிப்பெண்ணைப் பெற்றுவிட வேண்டுமென்று அவர் துணிந்துவிட்டார். நேற்று மாலை வீட்டு முற்றத்தில் அமர்ந்து, கம்பி மத்தாப்பு செய்யும் முறையை எமக்கு ஆங்கிலத்தில் கற்பித்தார். பதினோரு வாக்கியங்கள். ஆறில் பிழை. நாம் சிரிக்கவில்லை.

 வளர்க நம் கல்விச் சங்கம்!